ஒன்றேகால் மணி நேர டிரான்சிட்டா, நாலு மணி நேரமா, தனித்தனி டிக்கெட்டா?

வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் தேடினால் திரையில் பெரும்பாலும் மூன்று விதமான வரிகள் வந்து நிற்கும். ஒன்றில் நடுவில் ஒன்றேகால் மணி நேரம்தான் காத்திருப்பு, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னொன்றில் மூன்றரை, நாலு மணி நேரம். மூன்றாவது வரி விலையில் கண்ணை இழுக்கும், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விமான நிறுவனங்களின் டிக்கெட்டை ஒட்டவைத்து விற்கிறார்கள் என்று தெரியும். இதில் எதை எடுப்பது என்று நண்பர்களும் உறவினர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நிமிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எழுபத்தைந்து நிமிடம் சில விமான நிலையங்களில் தாராளம், சில இடங்களில் நடக்கவே நடக்காது. நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். இரண்டாவது விமானத்தை விட்டுவிட்டால் அதே ஊருக்கு அடுத்தது எப்போது? அதில் என்னை ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு யாருடையது? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் எத்தனை நிமிடம் போதும் என்பதைப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது அப்பாவோடு போன ஒரு பயணத்தில். ஒன்றேகால் மணி நேர டிரான்சிட், ஒரே டிக்கெட், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாக இறங்கியது. அப்பாவால் வேகமாக நடக்க முடியாது. நாங்கள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் கதவை மூடிவிட்டார்கள். அன்று அந்த ஊருக்கு அதுதான் கடைசி விமானம், அடுத்தது மறுநாள் மாலை. விமான நிறுவனம் ஹோட்டல் தரத் தயாராக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்டுக்கு எங்களிடம் விசா இல்லை, வெளியே விட மாட்டோம் என்று குடியேற்ற அதிகாரி சொல்லிவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர் அன்று இரவு முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். டிக்கெட் போட்டவன் நான், ஒரு மணி நேரம் மிச்சமாகிறதே என்று அந்த வரியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அன்றைய கடைசி விமானம் என்பதை மட்டும் பார்த்திருந்தால் அந்த வரியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

சரி, அந்த எழுபத்தைந்து நிமிடத்தில் உண்மையில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். டிக்கெட்டில் போட்டிருக்கும் வந்துசேரும் நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம், நீங்கள் இறங்கும் நேரம் இல்லை. பெரிய விமானத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வாசலைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகும். தூரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் கூட்டிப்போனால் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம், புறப்படும் நேரம் என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். கேட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் முன்பே மூடிவிடும். ஆக எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தாலும் நடுவில் மிஞ்சுவது முப்பது, நாற்பது நிமிடம்தான். அதற்குள்தான் நடை, பாதுகாப்புச் சோதனை, தேவைப்பட்டால் பாஸ்போர்ட் வரிசை எல்லாம் முடிய வேண்டும்.

அப்படியானால் இவ்வளவு குறைந்த நேரத்தை ஏன் விற்கிறார்கள்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள், துறையில் எம்.சி.டி. என்று சொல்வார்கள். வியன்னாவில் அது 25 நிமிடம்கூட இருக்கிறது. பிராங்ஃபர்ட்டில் 45 நிமிடம். லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் 5-க்குள்ளேயே மாறினால் ஒரு மணி நேரம், டெர்மினல் 3-லிருந்து 5-க்குப் போனால் ஒன்றரை மணி நேரம். ஒரே டிக்கெட்டாக விற்கும்போது இதற்குக் கீழே கணினி விற்காது. இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. அந்த நேரத்தைக் கொடுத்து விற்றது அவர்கள்தான் என்பதால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போனால் வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டியதும் அவர்கள்தான். இது நல்லது. ஆனால் முதல் விமானம் நேரத்துக்கு வந்தால் போதுமானது என்று போட்ட கணக்கு அது, தாமதத்துக்கு அதில் இடமே இல்லை. திரையில் வருகிறது என்பதாலேயே நிம்மதியாகப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த விமான நிலையத்தில் மாறுகிறோம் என்பது நிமிடத்தைவிட முக்கியம். சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலிலேயே நடக்கிறது. டிரான்சிட் பயணி பாஸ்போர்ட் வரிசைக்கே போக வேண்டாம், நேராக அடுத்த கேட்டுக்கு நடக்கலாம். ஹீத்ரோவில் இறங்கி இன்னொரு விமானம் ஏறுகிறவர்கள் மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். ஐரோப்பாவில் ஷெங்கன் பகுதிக்கு (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைத்துக்கொள்ளாத நாடுகள்) வெளியிலிருந்து வந்து பிராங்ஃபர்ட்டில் இறங்கி மாட்ரிட் போகிறீர்கள் என்றால், பாஸ்போர்ட் சோதனை பிராங்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும். அதனால் டிரான்சிட் என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் முழு இமிக்ரேஷன் வரிசையில் நிற்கிறீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்த புதிய நுழைவுப் பதிவு முறையில், ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு முதல் முறை கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அப்படிப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தை நான் தொடமாட்டேன். அதே பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஷெங்கனுக்கு வெளியே உள்ள இன்னொரு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அந்த வரிசை கிடையாது, ஒன்றேகால் மணி நேரம் கொஞ்சம் நம்பலாம்.

அமெரிக்காவின் கதையே தனி. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்து இன்னொரு ஊருக்கு மாறினாலும், ஏன், இன்னொரு நாட்டுக்கே மாறினாலும், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். பொதுவாக லக்கேஜையும் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட்டு, திரும்பவும் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். விசாவோ, விசா தேவைப்படாத நாட்டவர்கள் இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் எஸ்டா அனுமதியோ இல்லாதவர்களுக்குப் பொதுவாக டிரான்சிட்டே கிடையாது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். டப்ளின், அபுதாபி மாதிரி சில இடங்களில் அமெரிக்க இமிக்ரேஷன் புறப்படும் முன்பே நடந்துவிடும். அந்த வழியில் போனால் அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே வரலாம், ஆனால் அந்த நேரத்தை டப்ளினிலோ அபுதாபியிலோ கொடுக்க வேண்டும். அங்கே டிரான்சிட்டைக் குறைவாக வைத்தால் தலைவலி அங்கே வரும்.

இதையெல்லாம் சொன்னதால் குறுகிய டிரான்சிட் கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரே டிக்கெட், ஒரே டெர்மினல், நடுவில் பாஸ்போர்ட் வரிசை இல்லை, கையில் கேபின் பை மட்டும்தான், போகிற ஊருக்கு அன்றே இன்னும் நாலைந்து விமானம் இருக்கிறது என்றால் நானே ஒரு மணி நேரத்தை எடுப்பேன். தவறினால் போவது இரண்டு, மூன்று மணி நேரம், அவ்வளவுதான். அடுத்த விமானம் மறுநாள்தான், அல்லது வாரத்துக்கு மூன்று நாள்தான் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு விலை வேறு. கூட வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் என் பதில் கூடாது என்பதுதான். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் வழி தெரிந்த ஒருவர் கூட்டிப்போவார், சில இடங்களில் தனி வரிசையும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் எல்லாரும் இறங்கிய பிறகுதான் அவர்களை இறக்குவார்கள். அந்த உதவியைக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவையுங்கள், விமானத்தில் ஏறியபின் கேட்டால் ஆள் வர நேரமாகும்.

நடுவில் இருக்கிற இரண்டரை முதல் நாலு மணி நேரம்தான் நான் வழக்கமாக எடுப்பது. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம், அதோடு நமது லக்கேஜும் பிடித்துவிடும். இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. நாம் ஓடிப்போய் ஏறிவிட்டாலும் சரக்கு அறையிலிருந்து பெட்டி மாறி வர அதற்கென்று ஒரு நேரம் தேவை. இந்த வகையில் டிக்கெட் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முதல் விமானத்தின் எண்ணை ஃப்ளைட்ரேடார்24-இல் போட்டால் கடந்த ஒரு வாரம் அது எத்தனை மணிக்கு இறங்கியது என்று இலவசமாகவே காட்டும். ஏழு நாளில் நாலு நாள் அரை மணி நேரம் பிந்தி வந்திருந்தால் உங்கள் நாலு மணி நேரத்தை மூன்றரை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. மூன்று மணி நேரம் என்று வாங்கிய டிக்கெட், பயணத்துக்குள் ஒன்றேகால் மணி நேரமாக மாறிவிடலாம். விமான நிறுவனங்கள் பல மாதம் முன்பே விற்கின்றன, பிறகு கால அட்டவணையை மாற்றுகின்றன, 'உங்கள் பயணத்தில் ஒரு மாற்றம்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். நிறைய பேர் அதைப் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாற்றியது அவர்கள் என்பதால் வேறு நேரத்தை இலவசமாகக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அழைத்து, இந்த இணைப்பு எனக்குப் போதாது, காலை விமானத்தில் போடுங்கள் என்று விமான எண்ணோடு சொன்னால் பெரும்பாலும் செய்துகொடுக்கிறார்கள்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் டிரான்சிட் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. வெளியே போய்ச் சுற்றிப்பார்க்க ஆசை இருந்தால் நல்லதுதான். ஐந்தரை மணி நேரம் இருந்தாலே சாங்கியில் இலவச நகர்வலம் இருக்கிறது, இஸ்தான்புல்லில் துருக்கிய ஏர்லைன்ஸ் ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களுக்கு இதேபோல் நடத்துகிறது. ஆனால் இரண்டுக்கும் நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும், அது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது டிரான்சிட் இல்லை, ஸ்டாப்ஓவர். கட்டணமும் மாறலாம், பெட்டியை நடுவிலேயே எடுக்கவும் வேண்டியிருக்கலாம். தேர்வு, கப்பல் பயணம், நெருங்கியவர்களின் திருமணம் என்று தவறவே கூடாத காரியமாகப் போகிறவர்கள் பாதுகாப்புக்காகப் பதினான்கு மணி நேர டிரான்சிட் எடுப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பதினான்கு மணி நேரத்தைப் போய்ச் சேரும் ஊரில் செலவழியுங்கள். சாதாரண நாலு மணி நேர டிரான்சிட்டோடு ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால், விமானம் தவறினாலும் காரியம் தவறாது, தவறாவிட்டால் நன்றாகத் தூங்கி எழலாம்.

இனி தனித்தனி டிக்கெட். விலையைப் பார்த்து மயங்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு டிக்கெட்டும் தனி என்றால் இரண்டு நிறுவனத்துக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாலும் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி. அந்த டிக்கெட் அதோடு போயிற்று, அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் இருந்தால் பெரும்பாலும் அதையும் ரத்துசெய்துவிடுவார்கள். பெட்டியைக் கடைசி ஊர் வரை அனுப்ப மாட்டார்கள், நீங்கள் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, புறப்பாட்டுத் தளத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாமல் இப்படி டிக்கெட் போட்டவரை முதல் ஊரிலேயே ஏற்ற மறுத்துவிடலாம். செக்-இன் கவுண்டர் சர்வதேசப் பயணத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதனால் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது மூன்றுதான். இதற்கு மேல், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் வேறாக இருக்கலாம். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, டோக்கியோவின் நரிட்டாவில் இறங்கி ஹானெடாவில் ஏறுவது, இஸ்தான்புல் விமான நிலையத்தில் இறங்கி சபிஹா கோக்சென்னில் ஏறுவது. ஊர் பெயர் ஒன்றாக இருப்பதால் கண்ணில் படாது, விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்.

சில இணைய முகவர்கள் இந்த வகை டிக்கெட்டோடு 'இணைப்பு உத்தரவாதம்' என்று ஒன்று விற்கிறார்கள். அது முகவர் தரும் வாக்கு, விமான நிறுவனம் தருவது இல்லை. எத்தனை மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும், மாற்று டிக்கெட் தருவார்களா பணம்தானா, அதற்கு உச்சவரம்பு என்ன என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டிலும் இணைப்பு தவறியதற்கான பிரிவு இருக்கும், ஆனால் தனித்தனி டிக்கெட்டுகளுக்கு அது பொருந்துமா, குறைந்தது எத்தனை மணி நேர இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒவ்வொரு பாலிசிக்கும் வேறு. தனியாகப் போகிறவர், கேபின் பை மட்டும், நடுவில் ஓர் இரவு தங்குகிறார், மிச்சமாகும் பணம் கடைசி நேர டிக்கெட்டின் விலையை ஈடுகட்டும் அளவுக்கு இருக்கிறது என்றால் எடுக்கலாம். குடும்பத்தோடு, நாலு பெட்டியோடு போகிறவர்களுக்கு நான் ஒருபோதும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகவர் தரும் பதிவு எண் ஒன்றாக இருப்பது போதாது, அது அவருடைய கணக்கு எண்ணாக இருக்கலாம். விமான நிறுவனத்தின் ஆறெழுத்து பி.என்.ஆர்-ஐயும், அதைவிட முக்கியமாக 13 இலக்க இ-டிக்கெட் எண்ணையும் பாருங்கள். எல்லா விமானங்களும் அந்த ஒரே இ-டிக்கெட் எண்ணின் கீழ் இருந்தால் ஒரே ஒப்பந்தம். இரண்டு விமானத்துக்கும் இரண்டு வெவ்வேறு எண் தெரிந்தால் உடனே முகவரிடம் விளக்கம் கேளுங்கள்.

விமானம் தவறியே விட்டது என்று வையுங்கள். அங்கேயும் வழிகள் பல. கவுண்டர் வரிசையில் நிற்கலாம், செயலியில் பார்க்கலாம், தொலைபேசியில் அழைக்கலாம், சொந்தமாகப் புது டிக்கெட் வாங்கலாம். முதல் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். தாமதம் பெரியது என்றால் நீங்கள் தரையிறங்கும் முன்பே கணினி வேறு விமானத்தில் போட்டிருக்கும், சக்கரம் தரையைத் தொட்டதும் செயலியைத் திறந்து பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் வரிசையில் நின்றுகொண்டே அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணுக்கு, முடிந்தால் கூட்டம் குறைந்த வேறு நாட்டு எண்ணுக்கு, அழையுங்கள். என்ன செய்யலாம் என்று கேட்பதைவிட, உங்களோடு கூட்டணியில் இருக்கும் விமான நிறுவனத்தின் இந்த எண் விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் மாற்றுங்கள் என்று சொல்வது எப்போதும் சீக்கிரம் பலிக்கும். மாற்றுவழி எந்த நாடு வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு அமெரிக்கா வழியாகப் போட்டுக்கொடுப்பார், உங்களிடம் விசா இருக்காது. சொந்தமாக டிக்கெட் வாங்குவது கடைசி வழி. அவர்களிடம் சொல்லாமல் வாங்கிப் போனால் மீதிப் பயணம் ரத்தாகிவிடும், பணத்தைத் திரும்பக் கேட்பதும் கடினம்.

நஷ்டஈடு விஷயத்தில் ஒரே டிக்கெட்டுக்கும் தனி டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனமானாலும், அல்லது வெளியிலிருந்து அங்கே போகும் ஐரோப்பிய நிறுவனமானாலும், 261/2004 என்ற விதி பொருந்தும். ஒரே பதிவில் இணைப்பு தவறி, கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400 யூரோ, அதிகபட்சம் 600 யூரோ வரை கேட்கலாம். முதல் விமானம் பத்து நிமிடம்தான் தாமதம் என்றாலும் கணக்கு கடைசி ஊரை வைத்துத்தான். புயல் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் அந்தத் தொகை கிடையாது, ஆனால் அடுத்த விமானம் வரை உணவும் தங்குமிடமும் தர வேண்டும். வேறு பல நாடுகளுக்கு இடையே 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது, அதில் நிலையான தொகை இல்லை, தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஆன செலவைக் கேட்கலாம். அதனால் ரசீது எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். மருந்து, ஒரு மாற்று உடை, சார்ஜர் மூன்றும் கேபின் பையில் இருக்கட்டும். அன்று இரவு அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை அவர் சட்டைப் பையில் இருந்தது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அடுத்த மாதம் அப்பாவோடு மறுபடி அதே ஊருக்குப் போகிறோம். இந்த முறை எடுத்திருப்பது மூன்று மணி இருபது நிமிட டிரான்சிட், ஒரே இ-டிக்கெட் எண், காலையில் போய் இறங்குகிற விமானம். அதைத் தவறவிட்டாலும் அன்று மாலைக்குள் அதே ஊருக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.